மழலைக்கு இடமில்லையோ?

ஆண்டுதோறும் திருநீற்றுப் புதனன்று நம் ஆலயங்களில் வாசிக்கப்பெறும் முதல் வாசகம் யோவேல் இறைவாக்கினருடையது. எக்காளம் ஊதி மக்களைக் கூட்டச் சொல்லும் அவர், யார் யாரைக் கூட்டவேண்டும் என்பதையும் வரிசைப்படுத்துகிறார். முதியோரைச் சொல்கிறார், சிறுவரைச் சொல்கிறார், அத்தோடு நில்லாமல், தாயின் மார்பில் பால் குடிக்கும் பச்சிளங் குழந்தைகளையும் கொண்டுவரச் சொல்கிறார். நாடே நோன்பிருந்து, நெஞ்சுருகி, ஆண்டவரிடம் திரும்ப வேண்டிய நாள் அது. அத்துணைப் பெரிய நாளில் பால்குடிப் பிள்ளைகளுக்கு என்ன வேலை என்று யோவேல் கேட்கவில்லை. அவர்கள் அழுவார்கள் என்பது அவருக்குத் தெரியாததும் அன்று. வாசகம் முடிந்ததும் "இறைவா உமக்கு நன்றி" என்று நாமும் ஒரே குரலில் மறுமொழி கூறுகிறோம். கூறிச் சற்று நேரத்திற்கெல்லாம், பின்வரிசையில் ஒரு குழந்தை சிணுங்குகிறது. உடனே தலைகள் திரும்புகின்றன.

அந்தத் தலைகளைப் பற்றியே இங்கு எழுதப் புகுகிறோம்.

திரும்பும் தலைகள் பலவகை. சில, என்ன ஓசை என்று பார்த்துவிட்டுப் பலிபீடத்தை நோக்கி மீளும். அவற்றின்மேல் நமக்குக் குறையில்லை. சில, முகத்தைச் சுளித்தபடி அங்கேயே நிலைகொள்ளும். சில, உதட்டில் விரல் வைத்துக் காட்டும். முன்வரிசையில் முழங்காலிட்டுச் செபமாலை உருட்டிக்கொண்டிருக்கும் சில, விரல் மணியை விடாமலே, மற்றொரு கையால் வாசலைச் சுட்டும். "பிள்ளையக் கொஞ்சம் வெளிய தூக்கிட்டுப் போம்மா" என்ற சொல் அதற்குப் பிறகுதான் வரும். பெரும்பாலும் சொல் தேவைப்படுவதில்லை. தாய் ஏற்கெனவே எழுந்துவிட்டிருப்பாள். கழற்றிப் போட்ட செருப்புகளின் நடுவே, வேப்பமரத்து நிழலில், பிள்ளையின் பின்னால் ஓடியபடி, ஒலிபெருக்கியில் தேய்ந்து வரும் குரலைக் கேட்டும் கேளாமலும் அவள் திருப்பலி 'காண்கிறாள்'. நற்கருணை வேளையில் உள்ளே வருகிறாள். சில வாரங்களில் அதற்கும் வர முடிவதில்லை.

இது ஒரு ஞாயிற்றுக்கிழமையின் கதையானால் எழுத வேண்டியதில்லை. பிள்ளை தவழத் தொடங்கியது முதல் மூன்று வயது நிறையும் வரை இதே கதைதான். இடையில் அடுத்த பிள்ளை பிறந்துவிட்டால் ஐந்தாறு ஆண்டுகள். ஒரு மறையுரையைத் தொடக்கம் முதல் முடிவு வரை கேட்டு எத்தனை ஆண்டுகள் ஆயின என்று எந்த இளந்தாயையாவது கேட்டுப் பாருங்கள். கணவர் வளைகுடா நாட்டில் உழைக்க, இங்கே இரு பிள்ளைகளோடு தனியே நிற்கும் பெண்களைக் கடற்கரைப் பங்குகளில் நாம் நன்கு அறிவோம். மாமியாரும் தாயும் ஊரில் இருக்க, பிழைப்புக்காகத் திருப்பூரிலும் சென்னையிலும் ஒற்றை அறையில் குடியிருக்கும் குடும்பங்களையும் அறிவோம். இவர்கள் பிள்ளையை யாரிடம் விட்டுவிட்டு வருவார்கள்? சில மாதம் வேப்பமரத்தடியில் நின்று பார்ப்பார்கள். பிறகு வருவதையே நிறுத்திக்கொள்வார்கள். அதன்பின் நாம் மறைவட்ட அளவில் கூட்டம் போட்டு, "இளங்குடும்பங்கள் ஏன் ஆலயத்திற்கு வருவதில்லை?" என்று ஆராய்ந்து, தொலைக்காட்சியின் மேலும் கைபேசியின் மேலும் பழியைப் போட்டுத் தேநீர் அருந்திக் கலைவோம்.

அண்மையில் நாம் வழிபடச் சென்றிருந்த ஓர் ஆலயத்தில் (எந்த ஊர், எந்தப் பங்கு என்பது இங்கு வேண்டாம்) மறையுரையின் நடுவே ஒலிபெருக்கியிலேயே அறிவிப்பு வந்தது. கைக்குழந்தை வைத்திருப்போர் வெளியே சென்று குழந்தையை அமர்த்திவிட்டு வரலாம் என்று. சொன்ன குரலில் கடுமை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு தாய் எழுந்தாள். அவள் கையைப் பிடித்திருந்த ஐந்து வயது மூத்த மகளும் எழுந்தாள். பையைத் தூக்கிக்கொண்டு மாமியாரும் எழுந்தார். அழுத குழந்தை ஒன்று, வெளியேறியவர் நால்வர். மறையுரை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அந்த நால்வரும் திரும்பி வந்தார்களா என்று யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

இரண்டு வயதுக் குழந்தை என்பது என்ன என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம். பிள்ளை வளர்த்து முடித்தவர்களுக்கு மறதி ஒரு வரம்போலும். தம் பிள்ளைகள் பிறந்த அன்றே கைகட்டி வாய்பொத்தி நின்றதாக அவர்கள் நினைவு கூறுவதைக் கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஞாயிறு காலை ஏழரை மணித் திருப்பலிக்கு ஒரு குடும்பம் வந்து சேர்வதற்குள் நடப்பதை எண்ணிப் பார்ப்போம். ஐந்து மணிக்கே எழுந்துவிட்ட பிள்ளை, ஆறரை மணிக்குச் சட்டை போட மாட்டேன் என்கிறது. போட்ட சட்டையில் பாலைக் கவிழ்க்கிறது. ஊட்டிய இட்லியைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு, காகத்தைக் காட்டினால்தான் விழுங்குவேன் என்கிறது. வலக்கால் செருப்பை இடக்காலில் தானே போட்டுக்கொள்ள வேண்டும் என்று அரைமணி அழுகிறது. உதவி செய்யப் போனால் அழுகை இரட்டிப்பாகிறது. 'நானே' என்ற சொல்லை அது அப்போதுதான் கற்றிருக்கிறது. இத்தனைக்கும் பிறகு, தலைவாரக்கூட நேரமில்லாமல், ஈரத் தலையோடு அந்தத் தாய் ஆலய வாசலில் வந்து நிற்கிறாள். அவளது பக்தியை அளக்க வேறு என்ன வேண்டும்? முக்கால் மணி முன்னதாகவே வந்து முன்வரிசையைப் பிடித்தவரைவிட அவள் தொலைதூரம் நடந்து வந்திருக்கிறாள்.

அந்தப் பிள்ளை ஆலயத்தினுள் சும்மா இருப்பதில்லை. சும்மா இருப்பதுதான் வழிபாடு என்று எண்ணுவோர்க்கு அது இடையூறாகத் தோன்றலாம். அருகிலிருந்து பார்த்தால் அது வேறொன்றைச் செய்வது விளங்கும். எல்லாரும் எழுந்தால் எழுகிறது. எல்லாரும் அமர்ந்த பிறகும் நிற்கிறது. நெற்றியில் தொடங்கிய சிலுவை அடையாளம் அதன் கையில் மூக்குக்கும் வயிற்றுக்கும் போய், எங்கோ காதருகில் முடிகிறது. 'ஆமென்' என்ற சொல் அதற்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஆகவே மற்றவர் சொல்லி முடித்தபின், அமைதியான ஆலயத்தில், தான் மட்டும் ஒருமுறை உரக்கச் சொல்கிறது. நடுமேற்பூச்சு மணி ஒலித்தால் கண்கள் விரிகின்றன. சிலுவையில் தொங்கும் ஆண்டவரின் பாதத்து ஆணித் துளையைத் தொட்டு, "உவ்வா?" என்று தாயிடம் கேட்ட குழந்தையைக் கண்டிருக்கிறோம். தவக்காலம் முழுதும் நாற்பது நாள் சிலுவைப் பாதை செய்யும் நாம், அப்படிக் கேட்டு எவ்வளவு காலம் ஆகிறது? நற்கருணை வரிசையில் தாயின் இடுப்பில் இருந்தபடி, "எனக்கு, எனக்கு" என்று கை நீட்டும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறோம். வரிசையில் நின்ற அத்தனை பேரிலும் அப்படிப் பசித்துக் கேட்டது அந்தக் குழந்தை ஒன்றுதான். கீழைத் திருச்சபைகளின் பழம்பெரும் மரபிலோ, திருமுழுக்குப் பெற்ற குழந்தைக்கு அன்றே நற்கருணையும் உண்டு என்பதை இங்கு நினைவூட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

வீட்டில் தமிழை நம் பிள்ளை எப்படிக் கற்றது? இலக்கணம் கற்றபின் பேச வா என்று யாரும் அதைத் திண்ணையில் உட்கார வைக்கவில்லை. ஓராண்டு முழுதும் நாம் பேசுவதைக் கேட்டுக்கொண்டே கிடந்தது, பிறகு உளறியது, உளறலை நாம் பேச்சாக ஏற்றுக்கொண்டு மறுமொழி சொன்னோம். சொல்லச் சொல்ல உளறல் பேச்சாயிற்று. செபத்தை மட்டும் ஏழு வயதில், புது நன்மை வகுப்பில், புத்தகத்திலிருந்து அது கற்றுக்கொள்ள வேண்டுமா? அதுவரை வேப்பமரத்தடியில் வளர்ந்த பிள்ளைக்கு ஆலயம் என்பது வெளியே நிற்கும் இடம் என்றே பதிந்திருக்கும். பதினாறு வயதில் அவன் மறையுரை வேளையில் வெளியே போய் நின்றால் குறை சொல்லாதீர்கள். முதன்முதலில் அங்கே கொண்டுபோய் நிறுத்தியவர்கள் நாம்.

மறுப்போர் சொல்வதை இனிக் கேட்போம். திருவழிபாட்டில் தூய அமைதி வேண்டும் என்கிறார்கள். மெய்தான், மன்னிப்பு வழிபாட்டின்போதும், வாசகங்களுக்குப் பின்னும், நற்கருணைக்குப் பின்னும் அமைதி காக்கத் திருச்சபை பணிக்கிறது. ஆயினும் அமைதியின் காவலர்களாகப் புறப்பட்டோர் குழந்தையிடம் மட்டும் கடுமை காட்டுவது ஏனென்று விளங்கவில்லை. எழுந்தேற்றத்தின்போது சட்டைப் பையில் திரைப்பாடல் பாடும் கைபேசிக்கு யாரும் வாசலைச் சுட்டுவதில்லை. பாடகர் குழுவின் மின்னிசைக் கருவி சுவர் அதிர ஒலிக்கிறது. பாடலின் சொற்கள் அதில் மூழ்கிப்போகின்றன. திருப்பலி முடிந்ததும் இருபது நிமிடம் அறிவிப்புகள். எந்தச் சங்கம் எத்தனை ரூபாய் தந்தது என்ற கணக்கு. கொடியேற்ற நாளில் அதிர்வேட்டு முழங்கிப் பறவைகள் ஊரைவிட்டே பறக்கின்றன. தேர்ப் பவனியில் செண்டை மேளம் தூள் பறக்கிறது. அத்தனையையும் இறைப்புகழ்ச்சி என்று தாங்கிக்கொள்ளும் நம் செவிகளுக்கு, பத்துக் கிலோ எடைகூட இல்லாத ஒரு பிள்ளையின் சிணுங்கல் மட்டும் தாங்காமற் போவது எவ்வாறு? உண்மையில் குழந்தை அழுதால் ஒரு நிமிடம் அழும். அதை அடக்க எழும் 'உஸ்' ஓசையும், திரும்பும் தலைகளும், நாற்காலி நகர்த்தலும் ஐந்து நிமிடம் நீடிக்கும்.

குழந்தைக்குக் கடமை இல்லையே, வீட்டில் விட்டு வரலாமே என்பது அடுத்த வாதம். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 11-ஆம் சட்டம், திருச்சபையின் சட்டங்கள் ஏழு வயது நிறைந்தோரையே கட்டுப்படுத்தும் என்கிறது. கடமை இல்லை என்பதற்கு உரிமை இல்லை என்று பொருள் கொள்வது நல்ல வழக்கறிஞருக்கு அழகன்று. திருமுழுக்கு நாளில் அதே ஆலயத்தில், அதே மக்கள் முன்னிலையில், அக்குழந்தையைக் கிறிஸ்தவச் சமூகம் மகிழ்ச்சியோடு வரவேற்கிறது என்று குரு அறிவித்தாரே, அந்த வரவேற்பு அன்றைய விருந்தோடு முடிந்துவிட்டதா? கைக்குழந்தையைப் பராமரிக்கும் பொறுப்பு ஞாயிறு கடமையினின்று விலக்களிக்கத் தக்க காரணம் என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடு, 2181-ஆம் பத்தியில் கூறுவதும் உண்மை. அது களைத்துப்போன தாயின்மேல் திருச்சபை காட்டும் இரக்கம். இரக்கத்தை எடுத்து அவளை வெளியே தள்ளும் கோலாக்குவதை ஏற்க இயலாது.

இன்னுமொரு சான்றை மறுப்போர் எடுத்துக்காட்டலாம். அவர்கள் காட்டுமுன் நாமே காட்டிவிடுகிறோம். குழந்தைகள் பங்கேற்கும் திருப்பலி பற்றி 1973-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் திருவழிபாட்டுப் பேராயம் ஒரு வழிகாட்டி ஏடு வெளியிட்டது. திருப்பலியில் பங்குகொள்ள இயலாத அல்லது விரும்பாத மழலைகளைத் தனி இடத்தில் வைத்திருந்து, முடிவில் அனைவரோடும் ஆசி பெற அழைத்துவரலாம் என்று அதன் 16-ஆம் எண் இசைவு தருகிறது. ஆனால் அந்தத் தனி இடத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர் யார் என அது சொல்கிறது? பங்கின் உதவியாளர்கள். தாய் அன்று. பங்கு குழந்தையைத் தாங்க, தாய் திருப்பலியில் பங்கேற்பாள். பெரியோர் நிறைந்த திருப்பலியிலும் சிறுவர் இருப்பதை அருள்பணியாளர் கண்டுகொண்டு, அவர்களுக்கும் ஏதேனும் ஒரு சொல் சொல்ல வேண்டும் என்பதும் அதே ஏட்டின் கருத்து. நம் பங்குகளில் அப்படியோர் உதவிக் குழு எங்கே இருக்கிறது? பீடம் அலங்கரிக்கக் குழு உண்டு. உண்டியல் எண்ணக் குழு உண்டு. விழாவுக்கு வரி பிரிக்க வீடு வீடாக வரும் குழுவும் உண்டு.

பிள்ளை வளர்ப்புச் சரியில்லை என்று சொல்வோர்க்கும் ஒரு சொல். ஐந்து வயதும் ஆறு வயதும் ஆன பிள்ளைகள் பீடத்தருகே ஓடிப் பிடித்து விளையாட, பெற்றோர் வெளியே நின்று அரட்டையடிக்கும் காட்சியை நாம் ஆதரிக்கவில்லை. விடாமல் வீறிடும் குழந்தையைச் சற்றே வெளியே கொண்டுபோய்த் தட்டிக்கொடுத்துத் திரும்புவதும் தாய்க்கே தோன்றும் இயல்பான செயல். அவளுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அவளாகப் போவதற்கும் போக்கப்படுவதற்கும் இடையே உள்ள வேறுபாடு, போய்த் திரும்பும்போது அவளுக்காக நகர்ந்து இடம் விடும் ஒருவர் இருக்கிறாரா என்பதில் தெரிந்துவிடும்.

மாற்கு நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தை இந்த நோக்கில் மீண்டும் படிக்க வேண்டுகிறோம். சிறு பிள்ளைகளை இயேசுவிடம் கொண்டுவந்தோரைச் சீடர்கள் அதட்டினார்கள். சீடர்கள் கெட்டவர்கள் அல்லர். போதகர் பேசிக்கொண்டிருக்கையில் இரைச்சல் வேண்டாமே என்று எண்ணிய நல்லவர்கள். இன்றைய நம் முன்வரிசையினர். அவர்கள்மேல் இயேசு சினந்தார் என்கிறார் மாற்கு. கிரேக்க மூலத்தில் அங்கே ஆளப்பெறும் வினைச்சொல், நான்கு நற்செய்திகளிலும் வேறெங்கும் இயேசுவைக் குறித்து வரவில்லை. மத்தேயுவும் லூக்காவும் இதே நிகழ்ச்சியை எழுதும்போது அச்சொல்லை விட்டுவிட்டனர். ஆனால் மத்தேயு அதே சொல்லை வேறோரிடத்தில், 21-ஆம் அதிகாரத்தில், எடுத்தாள்கிறார். கோவிலில் சிறுவர்கள் ஓசன்னா பாடி ஆர்ப்பரிக்கக் கண்டு தலைமைக் குருக்களும் மறைநூல் அறிஞர்களும் சினந்தனர் என்னும் இடம் அது. ஒரே சொல், இரண்டு சினம். கோவிலில் பிள்ளைகளின் ஓசையைக் கேட்டு எழுந்த சினம் ஒன்று. பிள்ளைகளைத் தடுத்தோரைக் கண்டு எழுந்த சினம் மற்றொன்று. தலை திருப்புவோர் தம் நெஞ்சில் மூள்வது இவற்றுள் எது என்று ஆராய்ந்துகொள்ளலாம். குருக்களுக்கு மறுமொழியாக, மழலையர் வாயிலும் பால்குடிப்போர் வாயிலும் இறைவன் தமக்குப் புகழ் அமைத்துக்கொண்டதை எட்டாம் திருப்பாடலிலிருந்து இயேசு எடுத்துக்காட்டினார்.

லூக்கா சினத்தை விட்டாலும் வேறொரு நுட்பத்தைச் சேர்க்கிறார். இயேசுவிடம் கொண்டுவரப்பட்டோர் கைக்குழந்தைகள் என்கிறார். அதற்கு அவர் ஆளும் சொல், பெத்லகேம் தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்ட குழந்தையைக் குறிக்க அவரே ஆண்ட சொல். அந்தக் குழந்தையையும் பெற்றோர் எருசலேம் கோவிலுக்குத் தூக்கிச் சென்றார்கள். அது அழவில்லை என்று லூக்கா எழுதவில்லை. முதியவர் சிமியோன் கை நீட்டி வாங்கிக்கொண்டார். நம் ஆலயங்களில் முதியோர்க்குக் குறைவில்லை. சிமியோன்கள்தாம் குறைவு.

தமிழராகிய நமக்கு இதை விவிலியம் கொண்டு விளக்க வேண்டியிருப்பதே வியப்பு. மழலையைக் குழலுக்கும் யாழுக்கும் மேலாக வைத்த வள்ளுவரின் மொழி நம்முடையது. குறுகுறு நடை நடந்து, உணவைத் துழாவி, உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் பிள்ளை இல்லாதோரின் வாழ்நாள் பயனற்றது என்று புறநானூற்றில் பாடியவன், பாண்டியன் அறிவுடை நம்பி என்னும் அரசன். அவன் அரண்மனையில் அமைதி காக்கும் பணியாளர் இல்லாமலா இருந்திருப்பார்கள்? பிள்ளை தலையசைப்பதற்கு ஒரு பருவம், கைகொட்டுவதற்கு ஒரு பருவம், தளர்நடையிட்டு வருவதற்கு ஒரு பருவம், நிலாவைக் கூப்பிடுவதற்கு ஒரு பருவம் என்று வகுத்துப் பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையையே படைத்தது நம் இனம். இயேசுவையும் மரியன்னையையும் குழந்தைகளாக்கி நம் கிறிஸ்தவப் புலவர்களும் பிள்ளைத்தமிழ் பாடினர். ஏட்டில் குழந்தை இயேசு சிறுபறை முழக்கலாம், சிற்றில் சிதைக்கலாம். பின்வரிசையில் நம் அயலாரின் பிள்ளை சாவிக்கொத்தை ஆட்டினால் மட்டும் குற்றமாகிறது.

வேளாங்கண்ணியில் பிள்ளை வரம் வேண்டி, கண்ணீரோடு சிறு தொட்டில் கட்டும் பெண்களை நாம் அறிவோம். அவர்களுக்காக நாமும் மன்றாடுகிறோம். மன்றாட்டுக் கேட்கப்பட்டு, அந்தத் தொட்டிலில் உண்மையாகவே ஒரு பிள்ளை வந்து சேர்ந்து, ஒன்றரை ஆண்டு கழித்து நம் பங்கு ஆலயத்தில் அது வாய்திறந்தால், நாம் முகம் சுளிக்கிறோம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 பிள்ளைகள். நம் பாட்டிமார் காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஏதேனும் ஒரு குழந்தை அழுதுகொண்டேயிருந்தது. ஆகவே ஆலயத்தில் அழுதாலும் யாருக்கும் கேட்கவில்லை. இன்று பல வீடுகளில் பதினைந்து ஆண்டுகளாகக் குழந்தை அழுகையே இல்லை. நம் செவி பழக்கத்தை இழந்துவிட்டது. இழந்தது செவி, தண்டனை பிள்ளைக்கு.

இவ்வாறு அமைதி அமைதி என்று நெருக்கியதன் விளைவு ஒன்று அண்மை ஆண்டுகளில் கண்ணுக்குத் தெரிகிறது. வெளியேறவும் மனமின்றி, முகச்சுளிப்புக்கும் அஞ்சி, சில பெற்றோர் பிள்ளையின் கையில் கைபேசியைக் கொடுத்துவிடுகிறார்கள். ஒலியை நிறுத்திவிட்டு, படம் மட்டும் ஓடுகிறது. இப்போது ஆலயம் அமைதியாக இருக்கிறது. யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே கூடாது, இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணிக்கு மேல் கூடாது என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியதை நாம் அறியாதவர் அல்லர். அதைவிடக் கொடியது, எழுந்தேற்றத்தின்போது அக்குழந்தையின் கண்கள் இருக்கும் இடம். அந்த அமைதியைத்தான் நாம் கேட்டோமா? மேலை நாட்டு ஆலயங்கள் சிலவற்றைப் பார்த்து, பிள்ளைகளுக்கென்று கண்ணாடி அறை கட்டும் எண்ணமும் இங்கே சிலருக்கு உண்டு. பொருட்காட்சிக்கு வைத்ததுபோல் தாயும் சேயும் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து வாயசைவைப் பார்த்துக்கொண்டிருப்பது வேப்பமரத்தடியைவிட எவ்வகையில் மேலானது? மரத்தடியில் காற்றாவது வரும்.

தந்தையர் எங்கே என்று இதுவரை யாரும் கேட்கவில்லை. அதையும் கேட்டுவிட வேண்டும். இதுகாறும் 'தாய்', 'தாய்' என்றே எழுதி வந்தோம். காரணம், வேப்பமரத்தடியில் பிள்ளையோடு நிற்பவள் அவளே. கணவர் சில வேளை இரண்டு வரிசை முன்னால், கைகட்டி, ஆழ்ந்த பக்தியில் அமர்ந்திருக்கிறார். அல்லது அதே மரத்தின் மறுபுறம் நண்பர்களோடு நிற்கிறார். பிள்ளை அழுதால் அவரும் திரும்பி மனைவியைப் பார்க்கிறார். மற்றத் தலைகளோடு அதுவும் ஒரு தலை! நம் ஆலயங்களில் புனித சூசையப்பர் சுரூபத்தைப் பாருங்கள். ஒரு கையில் லீலி மலர், மறுகையில் குழந்தை. வீரமாமுனிவர் 1726-இல் யாத்த தேம்பாவணியில், 3615 பாடல்களால் போற்றிய காப்பியத் தலைவன் அந்த வளன்தான். போர்க்களம் வென்றவனையோ நாடாண்டவனையோ விட்டு, பிள்ளையைச் சுமந்து எகிப்துக்கு நடந்த ஒரு தச்சனைத் தலைவனாக்கியது தமிழ்க் காப்பியம். அவருக்கு மார்ச்சு மாதம் முழுதும் வணக்கமாதம் கொண்டாடும் ஆடவர், ஒரு ஞாயிறு முழுத் திருப்பலிக்கும் தம் பிள்ளையைத் தோளில் வைத்திருந்தால் வணக்கம் நிறைவுறும். மனைவி அன்று மறையுரை கேட்பாள்.

மறையுரையைப் பற்றியும் இவ்விடத்தில் சொல்ல நேர்கிறது; அருள்தந்தையர் பொறுத்தருள்க. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2024 ஜூன் மாதம் பொது மறைக்கல்வி உரையொன்றில், மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம் என்றார். இரண்டு வயதுப் பிள்ளை முப்பத்தைந்து நிமிட மறையுரையில் நெளியத் தொடங்கினால், அது பிள்ளையின் குறை மட்டுமன்று. பெரியவர்கள் நெளியாதிருப்பது பழக்கத்தால். அதே திருத்தந்தைதாம் 2014 டிசம்பரில் உரோமைப் பங்கு ஒன்றைச் சந்தித்தபோது, குழந்தைகளின் அழுகை கடவுளின் குரல் என்றும், அவர்களை ஒருபோதும் ஆலயத்தைவிட்டு விரட்டக் கூடாது என்றும் கூறினார். அதே ஆண்டு ஜனவரியில், சிஸ்டைன் சிற்றாலயத்தில் திருமுழுக்கு வழங்கியபோது, பிள்ளை பசித்து அழுதால் அங்கேயே பாலூட்டுங்கள் என்று தாய்மாரிடம் சொன்னார். மைக்கலாஞ்சலோவின் ஓவியங்களுக்குக் கீழே ஆகுமென்றால், நம் சிமெண்டுக் கூரையின் கீழ் ஆகாதா?

கேட்பது பெரிதொன்றும் இல்லை. பீடத்தருகே இடப்புறமோ வலப்புறமோ இரண்டு பாய்களை விரித்து, சிறு பிள்ளைகளோடு வருவோர்க்கு அவ்விடத்தை ஒதுக்கலாம். பின்வரிசையில் முதுகுகளை மட்டுமே பார்க்கும் பிள்ளை சிணுங்கும், பீடத்தைப் பார்க்கும் பிள்ளை பெரும்பாலும் பார்த்துக்கொண்டேயிருக்கும். கோவில் பிள்ளை, வாசலில் காலணி அடுக்கச் சொல்வதைப்போல், ஒரு குடம் குடிநீரும் வைக்கலாம். ஒவ்வோர் அன்பியமும் மாதம் ஒரு ஞாயிறு இரண்டு பேரை அனுப்பினால், நான்கு அன்பியங்கள் உள்ள பங்கில் எல்லா ஞாயிறும் தாய்மாருக்குக் கைமாற்ற நான்கு கைகள் கிடைக்கும். மரியாயின் சேனையினர் இதை வாரப் பணியாகக் கணக்கிலும் எழுதிக்கொள்ளலாம். நற்கருணை வரிசையில் வரும் பிள்ளையின் நெற்றியில் குருவானவர் ஒரு சிலுவை வரைய அரை நொடி ஆகிறது. ஒலிபெருக்கி அறிவிப்பை நிறுத்துவதற்கு அந்த அரை நொடியும் ஆகாது. வரும் ஞாயிறு பின்வரிசையில் ஏதேனும் ஒரு குழந்தை அழத்தான் போகிறது. தாய் எழுமுன் அருகில் இருப்பவர் கையை நீட்டி, "இங்க குடும்மா, நான் கொஞ்ச நேரம் வச்சிருக்கேன்" என்று சொல்லட்டும்.